எங்கள் மோகனா கார் பார்த்த கதை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பால் பாக்கெட் எடுக்க நான் கதவைத் திறந்தபோது, எங்கள் வீட்டைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு மூன்று பழைய கார்கள் வரிசையாக நின்றிருந்தன. முதலில் ஒரு கறுப்புக் காண்டஸா, அதன் பின்னால் ஒரு வெள்ளை அம்பாஸிடர், அதற்கும் பின்னால் ஒரு சந்தன நிறப் பத்மினி. ஒன்றுக்கு இன்ஜின் கிடையாது, ஒன்றுக்குப் பேட்டரி கிடையாது, ஒன்றுக்கு முன்சக்கரங்களில் காற்றே கிடையாது, எதையும் யாரும் ஓட்டி வரவில்லை, தள்ளி வரவில்லை, கயிறு கட்டி இழுத்து வரவுமில்லை.

எங்கள் தெரு கோயம்புத்தூர் கணபதியில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு லேத்துப் பட்டறை, பட்டறைக்கு ஒரு தகராறு என்று வாழ்கிற தெரு. லாரி வந்து இரும்பு இறக்கும், ஆட்டோ வந்து பம்ப்பு ஏற்றும். எது வந்து நின்றாலும் எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், எப்போது எடுப்பீர்கள் என்றுதான் கேட்பார்கள். அன்றைக்கும் அதைத்தான் கேட்டார்கள். எதிர்வீட்டு ஜோதிமணி மட்டும் வாசல் தெளித்துக்கொண்டே, "சாந்தாமணிக்கா, பத்மினி நெழலு எங்க வாசல்ல நல்லா விழுகுது, அது மட்டும் நிக்கட்டுமுங்க" என்றாள்.

இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. நடந்தது இதுதான். என் மகள் மோகனப்பிரியா பம்ப்புக் கம்பெனி ஒன்றில் டூல் ரூமில் வேலை பார்க்கிறாள்; மயிரிழையை இன்னும் பத்தாகப் பிளந்து இரும்பை அந்த அளவுக்குச் சீவுகிறவள். அவளுக்கு வளையல் எடுக்கலாம் என்று நான் பேச்செடுத்த நாளில், "வளையல் வேண்டாம்மா, எனக்கு ஒரு பழைய வண்டி வேணும். நானே பிரிச்சு, நானே கட்டி, நானே ஓட்டோணும். மூஞ்சி நீளமா, இன்ஜின் பெருசா இருக்கோணும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா முதுகு சீட்டுல ஒட்டோணும்" என்றாள்.

"முதுகு ஒட்டறதுக்கு எதுக்கு கண்ணு வண்டி, பங்குனி வெயில்ல சும்மா உக்காந்தாலே ஒட்டுமே" என்று நான் சொன்னது எடுபடவில்லை.

பழைய வண்டிகளைத் துடைத்து வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இப்போது அதற்குத் தங்கத்தின் விலை சொல்கிறார்கள் என்பதால், துடைக்க ஆளில்லாமல் மூலையில் கிடக்கிற வண்டிகளாக அவள் தேடினாள். தேடித் தேடி மூன்றில் வந்து நின்றாள். காண்டஸா சூலூர்ப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் கிடந்தது, அம்பாஸிடர் உக்கடத்தில் ஷாஜகான் பாயின் பழைய இரும்புக் கடையில் கிடந்தது, பத்மினி ஆர்.எஸ். புரத்தில் ஓர் ஆடிட்டர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. வியாழக்கிழமை மூன்றையும் பார்க்கப் போனோம். சக்கரம் சுற்றுகிறதா, பிரேக் இறுகிக் கிடக்கிறதா என்று தெரிய ஒரு முழமாவது தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள், வண்டியை அசைப்பதென்றால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காமல் அசைக்கக் கூடாது என்று நான் சொன்னேன்.

"அம்மா, அது வாங்குனதுக்கு அப்புறம் வெக்கிறது."

"வாங்குனதுக்கு அப்புறம் வெச்சா, அதுக்கு முன்னாடி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

மூன்று இடத்திலும் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தேன், அவளும் அவள் அப்பாவும் தள்ளினார்கள், பழம் நசுங்கியது, யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஷாஜகான் பாய் போன் செய்தார்.

"எலுமிச்சம்பழம் வெச்சீங்களாம்மா?"

"வெச்சனுங்க பாய். சும்மா தள்ளிப் பாக்கறதுக்குத்தானுங்க."

"சும்மாவா நெசமாவான்னு அதுக்கு எப்படிங்கம்மா தெரியும்? பழம் நசுங்குனா நம்மள எடுத்துட்டாங்கன்னு நெனச்சுப் பொறப்பட்டுரும். அதுக்குத்தான் நம்ம கடைக்குள்ள எலுமிச்சம்பழமே விடறதில்ல. நம்ம ஆளுங்க சர்பத் குடிக்கணும்னாலும் ரோட்டுக்குப் போயித்தான் குடிப்பாங்க. நேத்து நான் கடையில இல்லாமப் போயிட்டேன்."

"இப்ப என்னங்க பண்றது?"

"யாராவது ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துருங்க. மத்த ரெண்டும் மனசத் தேத்திக்கிட்டு வந்த வழியே போயிரும். ஆனா வாக்குக் குடுத்ததை வீட்டுக்குள்ள கூட்டிக்கணும். வாசல்ல நிக்கிற வரைக்கும் அது தெரு வண்டிதான், யாரு வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்." போனை வைப்பதற்கு முன்னால், "என்னோடதுன்னு சொல்லல, அம்பாஸிடர் நல்ல கொணமுங்கம்மா" என்றார்.

மதியத்துக்குள் தெருச் சங்கத்துத் தலைவர் குப்புராஜ் சார் வந்துவிட்டார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்கள் தெருவைத்தான் அலுவலகமாக வைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் சப்பரம் எங்கள் தெரு வழியாக வரும், அதற்குள் தெருவில் எது நின்றாலும் கிரேன் வைத்துத் தூக்கி இரும்பு நொறுக்குகிற இடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

"மூணையுமா சார்?" என்று மோகனா கேட்டாள்.

"சப்பரத்துக்கு மூணும் ஒண்ணுதான் அம்மிணி."

மூன்று வண்டிக்காரர்களும், தானாகப் போன வண்டிக்குக் கூடுதலாகக் கேட்டால் நன்றாக இருக்காது என்று, மோகனா கையில் இருந்த பணத்துக்கே தர ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்றுக்குத்தான் அவளிடம் இருந்தது. இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி இனிமேல் எங்கேயும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும், தப்பானதை எடுத்தால் பிரித்துப் போட்டது பிரித்தபடியே ஆயுசுக்கும் கிடக்கும் என்றும் தெரியும். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவளுக்கு இறங்காததால் எனக்கும் இறங்கவில்லை, என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி மட்டும் வழக்கம்போல் இரண்டாம் முறை ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

தெரு சும்மா இருக்குமா. மறுநாளே குப்புராஜ் சார், சீட்டு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு அம்பாஸிடரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்; அதற்கடுத்த நாள் அவரோடு இன்னும் சிலர் ஏறினார்கள்; எல்லாரும் முன்னால் பார்த்தபடியே அரசியல் பேசினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காததால் டீக்கடையில் வருகிற சண்டை அங்கே வரவில்லை. டிரைவர் சீட்டில் உட்காருவது வயதுப்படி என்று முடிவானது. வயதைக் குறைத்தே சொல்லி வந்தவர்கள் எல்லாம் அந்த வாரத்தில் உண்மையான வயதைச் சொன்னார்கள்.

பத்மினி, சிவராஜுக்கும் கோகிலாவுக்கும் போய்ச் சேர்ந்தது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவர்கள். ஒரே அறை வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் இருப்பதால் சண்டை போட இடமில்லாமல், இரண்டு பேரும் முகம் வீங்கிப்போய்த் திரிந்தார்கள். பத்மினிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டால் வெளியே ஒரு சத்தம் வராது, கைகள் ஆடுவது மட்டும் தெரியும். கால் மணி நேரம் கழித்துக் கோகிலா அந்த வண்டிக் கண்ணாடியிலேயே தலையைச் சரிசெய்துகொண்டு இறங்குவாள், சிவராஜ் அவளுக்குக் கதவைப் பிடித்துக்கொள்வான். இதைப் பார்த்து மற்ற தம்பதிகளும் முறை கேட்டு வந்தார்கள். தெருவில் வீட்டுச் சண்டையே காதில் விழாமல் போனதில் ஜோதிமணிக்குத்தான் பெரிய வருத்தம்.

காண்டஸாவுக்கோ மதிப்பே தனி. அதன் நீளமான முகப்பில் மிளகாய் காயப்போட்டால் அரை நாளில் சருகாகிவிடும் என்று பெண்கள் வரிசை பிடித்தார்கள். மிளகாய் இல்லாத நேரத்தில் கல்யாணத் தரகர், வரன் பையன்களை அதில் சாய்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார். எத்தனையோ வருடமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஒருவனுக்கு மூன்று இடத்திலிருந்து ஜாதகம் கேட்டு வந்தது.

தங்களைப் பார்க்கிறார்கள் என்பது வண்டிகளுக்கும் தெரிந்துவிட்டது. அம்பாஸிடரின் கதவு நாளுக்கு நாள் மெத்தென்று சாத்தியது, பத்மினிக்குள் புதுச் சீட்டு வாசனை வந்தது, காண்டஸா விடிகாலைப் பனியில் தானே குளித்துவிட்டு ஒருவரும் துடைக்காமலே மினுமினுத்தது; மோகனா ஒரு வண்டியில் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டால், சாவி போடாமலே மற்ற இரண்டும் வைப்பரை ஒரு தடவை வெடுக்கென்று ஆட்டிக் காட்டின. மழை கிழை வருமோ என்று நான் துணியை எடுத்து உள்ளே போட்டதுதான் மிச்சம்.

தெரு மூன்று கட்சியானது.

"அம்பாஸிடரை எடு அம்மிணி. எந்த ஊரு ரோட்டுல நின்னு போனாலும் ஸ்பேர் கிடைக்கும்" என்றார் குப்புராஜ் சார்.

"நின்னு போற வண்டிய எதுக்குங்க எடுக்கோணும்?" என்றான் சிவராஜ். "பத்மினி கைக்கு அடக்கம். பெட்ரோலும் அளவாத்தான் குடிக்கும்."

"உனக்குச் சண்டைக்கு எடம் வேணும், அதைச் சொல்லு" என்றாள் ஜோதிமணி. "ரோட்டுல போனா பத்துப் பேரு திரும்பிப் பாக்கோணும். காண்டஸாதான் வண்டி. மத்ததெல்லாம் சக்கரம் வெச்ச பீரோ."

வியாழக்கிழமை சாயங்காலம் மோகனா ஒரு காந்தத்தை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பழைய வண்டியில் ஓட்டை விழுந்த இடத்தையும் ஒடுங்கிய இடத்தையும் பட்டி என்கிற மாவை அப்பித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள்; இரும்பு இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டும், பட்டி இருக்கிற இடத்தில் விழுந்துவிடும். விஷயம் தெரிந்து தெருவே கூடிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களைப்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், யாரோ தட்டில் முறுக்கு வைத்து நீட்டினார்கள்.

அம்பாஸிடரில் காந்தம் ஒட்டியது. பின்பக்கத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தயங்கியது. பத்மினியில் ஒட்டியது, அதன் உள்தரையில் ஓர் ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது, அதைத் தகரம் வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். காண்டஸாவின் கதவில் வைத்தாள், விழுந்தது. பின்கதவில் வைத்தாள், விழுந்தது. அந்தப் பக்கம் போய் வைத்தாள், அங்கேயும் விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் முறுக்கு மெல்லும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

என் வீட்டுக்காரர் விரலை மடக்கிக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு, "வண்டி மேல பட்டி பூசல. பட்டி மேல கொஞ்சம் வண்டி பூசியிருக்காங்க" என்றார்.

கோழிப் பண்ணைக்காரருக்குப் போன் போட்டோம். "பாக்கறதுக்கு அழகா இருந்துச்சா இல்லீங்களா? அதைச் சொல்லுங்க" என்றார்.

அன்று பொழுது சாயும் முன்னே ஜோதிமணி மிளகாயை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். தரகர், தான் அனுப்பியிருந்த படங்களைத் திருப்பி வாங்கப் பார்த்தார். அடுத்த நாள் காலையில் காண்டஸா குளிக்கவில்லை, புழுதியோடு நின்றது, அதன் பக்கமாகப் போகிறவர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு எதைப் பார்த்தாலும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "அம்பாஸிடரையே எடுத்துரு கண்ணு. கதவைச் சாத்துனா பேங்கு லாக்கர் மாதிரி இருக்குது."

"லாக்கர்ல உக்காந்துட்டு எங்கம்மா போறது? நான் காண்டஸாவை எடுக்கறேன்."

கரண்டி என் கையிலேயே நின்றது. அந்தத் துருவில் அவள் கை கிழிந்து, ஊசி போடப் போன இடத்தில் ஊசி இல்லாமல், கட்டுப் போட்ட கையோடு பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காப்பித் தட்டை ஏந்தி, தட்டு சாய்ந்து மாப்பிள்ளையின் மடியில் கொட்டி, அந்தக் குடும்பமே எழுந்து போவது வரைக்கும் எனக்கு ஒரு நொடியில் தெரிந்தது; தோசை கருகியது.

"புத்தி இருக்குதா உனக்கு? காந்தமே ஒட்டல."

"நான் மொதல்ல கேட்டதே மூஞ்சி நீளமானதைத்தான். பாடி நல்லா இருக்கற வண்டியாப் பாத்து எடுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கும் தெரியும்மா. ஆனா அம்பாஸிடர்ல நான் பண்றதுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல. அதுக்கு இந்தத் தெருவுல வேலை கிடைச்சிருச்சு. பத்மினிக்கும் கிடைச்சிருச்சு. இது ஒண்ணுக்குத்தான் ஆளில்ல. ஆளில்லாததுதான் எனக்குன்னு வரும், வேலை கெடக்கறதுதான் என் கைக்கு வரும்."

அவள் அப்பா தட்டைப் பார்த்தபடி, "தகரம் வாங்கிக்கலாம்" என்றார். அவர் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

மோகனா வெளியே போய், புழுதி படிந்த முகப்பில் கையை வைத்து, "நீதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அம்பாஸிடரும் பத்மினியும் இல்லை. ஷாஜகான் பாய் போன் செய்து, வண்டி வந்துவிட்டது, பின்சீட்டில் ஒரு மூக்குக் கண்ணாடியும் பேப்பரும் இருக்கிறது, யாருடையது என்று கேட்டார். அன்று முதல் இன்று வரை குப்புராஜ் சார் காலையில் பஸ் பிடித்து உக்கடம் போய், அந்தப் பின்சீட்டில் பேப்பர் படித்துவிட்டுத்தான் வருகிறார். சிவராஜும் கோகிலாவும் வாரத்துக்கு ஒரு தடவை ஆர்.எஸ். புரம் போய் ஆடிட்டர் வீட்டுக் கொட்டகையில் சண்டை போட்டுவிட்டு, அவர்கள் கொடுக்கிற காப்பியையும் குடித்துவிட்டு வருகிறார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாருக்கும் காப்பி நினைப்பு இல்லை. வீட்டை ஒட்டிய எங்கள் லேத்துப் பட்டறைக்குள் காண்டஸாவைத் தள்ளிவிட நாங்கள் கிளம்பினோம். இரும்பை மயிரிழைக்குச் சீவுகிற என் மகள், வண்டியின் நீளத்தை அளந்திருந்தாள், அகலத்தை அளந்திருந்தாள், இன்ஜின் உட்காருகிற இடத்தை மூன்று தடவை அளந்திருந்தாள். எங்கள் பட்டறைக் கேட்டை மட்டும் அளக்கவில்லை. வண்டி கேட்டுத் தூணில் வந்து முட்டி நின்றது. இந்தப் பக்கம் கட்டைவிரல் அகலம், அந்தப் பக்கம் கட்டைவிரல் அகலம் இடித்தது.

"தூணு கான்கிரீட்டு. உள்ள கம்பி. இடிக்க நாளைக்கு மத்தியானம் ஆயிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. கிரேன் வந்து கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது, அதை ஓட்டுகிறவர் இறங்கி வந்து எந்த இடத்தில் மாட்டலாம் என்று காண்டஸாவைச் சுற்றிப் பார்த்தார். "நான் என்னங்க பண்றது, ஆத்தா வந்துட்டா" என்று குப்புராஜ் சார் யாரையும் பார்க்காமல் சொன்னார். அம்பாஸிடர் போன துக்கத்தில் அவருக்கு அன்று குரலே எழும்பவில்லை. மோகனா வண்டியின் பின்னால் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிக்கொண்டே இருந்தாள். நகராது என்று தெரிந்தும் தள்ளினாள். கொக்கி மாட்ட வந்தவர் தள்ளி நிற்கச் சொன்னார், அவள் நிற்கவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்தேன்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. நேராக வண்டியின் ஜன்னலுக்குப் போய்க் குனிந்தேன்.

"இத பாரு. எம்பொண்ணு உன்னைத்தான்னு சொல்லிட்டா, அதுக்கு மேல நான் பேச ஒண்ணுமில்ல. உள்ள வர்றதுன்னா வா. அழகையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு வா. இந்த வீட்டுல ஆரும் உன்னையப் போட்டோ எடுக்கப் போறதில்ல."

நிறைந்த ஷேர் ஆட்டோவில் கடைசி ஆளாக ஏறுகிற பெரிய உடம்புக்காரி எப்படி ஏறுவாளோ, அப்படிக் காண்டஸா வயிற்றை உள்ளே எக்கியது. கதவு நெடுக ஒரு விரிசல் ஓடியது. பட்டி முட்டை ஓடுபோல் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது, கறுப்புப் பெயின்டோடு சேர்ந்து விழுந்தது, விழ விழ உள்ளே இருந்த துருப்பிடித்த தகரம் ஓட்டையும் கிழிசலுமாக வெளியே வந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, தன்னிடம் இருந்த பொய்யையெல்லாம் கேட்டுக்கு வெளியே உதிர்த்துவிட்டு, இரண்டு தூணிலும் உரசாமல், மோகனா தள்ளத் தள்ள அது உள்ளே போனது. கிரேன்காரர் கொக்கியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "பரவால்ல, மூஞ்சி லட்சணம் அப்படியேதான் இருக்குது" என்று ஜோதிமணி யாரிடமோ சொல்வது கேட்டது. நான் துடைப்பத்தை எடுத்து, கூடை கூடையாகப் பட்டியை அள்ளி ஓரம் கட்டி முடிப்பதற்கும், சப்பரம் எங்கள் வாசலுக்கு வருவதற்கும் சரியாக இருந்தது.

தீபாராதனை பார்த்துவிட்டுப் பட்டறைக்குள் போனேன். உள்ளே வண்டி விறைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் லேத்துமேல் சாய்ந்து நின்று, எந்தத் தகரம் எவ்வளவு வேண்டும் என்று ஓட்டைகளைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். மோகனா கதவோரம் குந்தியிருந்தாள். எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது.

"இன்னும் எக்கிக்கிட்டே நிக்குது பாரு கண்ணு. இப்படியே எவ்வளவு நேரந்தான் நிக்கும், நெஞ்சு கிஞ்சு அடைச்சிரப் போகுது. உள்ள வந்தாச்சுன்னு சொல்லு, மூச்சை விடட்டும்."

மோகனா கதவில் இருந்த ஒரு ஓட்டையில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள். அது நம்புவதற்குக் கொஞ்சம் நேரமானது. பிறகு நீளமாக, உள்ளே அடைந்து கிடந்த தூசியெல்லாம் எல்லா ஓட்டையிலிருந்தும் பறக்க மூச்சை விட்டது; விட்டு, விட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பட்டறை முழுக்க நிரம்பி உட்கார்ந்தது. தூசி அடங்கியபோது, லேத்துக்கும் காண்டஸாவுக்கும் நடுவில் கை அசைக்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "எனக்குச் சோத்தை இங்கயே குடுத்துரு புள்ள" என்றார்.